வெள்ளையாகிப் போன பாசி

(சென்ற மாதம் எமது வானொலியின் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம். நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



இன்றைக்கு நான் கதைக்கப் போகும் விடயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். கடற்பாசிக்கு வருகிற வருத்தத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். மனிதருக்கு வருகிற வருத்தமே எத்தனையோ இருக்க, பாசியின் வருத்தத்தை இங்கே லண்டனில் இருந்து நாங்கள் ஏன் கதைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பூநகரிப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் ஊர்க்காரர் முப்பது, நாற்பது குடும்பம் இங்கே இருக்கிறோம். மாதம் பத்துப் பவுண், இருபது பவுண் என்று சேர்த்து ஊருக்கு ஏதாவது செய்வது எங்கள் வழக்கம். சில வருடங்களுக்கு முன்னர், போரில் கணவனை இழந்த பெண்கள் சிலருக்குக் கடற்பாசி வளர்க்க இருபது தெப்பம் கட்டிக் கொடுத்தோம். முதல் வருடம் நல்ல விளைச்சல். படங்கள் வந்தன. கோயில் மண்டபத்தில் திரையில் போட்டுக் காட்டி எல்லோரும் கைதட்டினோம்.

இரண்டாம் வருடம் சித்திரை மாதத்தில், எனக்குத் தங்கச்சி முறையான ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். "அண்ணா, பாசி எல்லாம் வெள்ளையாப் போச்சு. கையில பிடிச்சா உடைஞ்சு விழுகுது" என்றாள். நான் உடனே கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "நீங்கள் ஒழுங்காப் பார்க்கேல்லையோ?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரி அண்ணா, வைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் ஒருவர், "காசைச் சாப்பிட்டுவிட்டுக் கதை சொல்லுகினம்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. இரண்டாவது தவணைக் காசு நிறுத்தப்பட்டது. அதன் பிறகுதான் இது என்ன வருத்தம் என்று தேடத் தொடங்கினேன். என் மகள் உயிரியல் படித்தவள். ஆங்கிலக் கட்டுரைகளை எடுத்து எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினாள். அப்படி அறிந்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், இந்தப் பாசி எதற்கு என்று சொல்ல வேண்டும். கடற்பாசி என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது நோன்புக் காலத்தில் முஸ்லிம் அயலவர்கள் அன்போடு கொண்டுவந்து தரும் அந்தக் குளிர்ந்த இனிப்புத்தான். நான் சொல்வது வேறு இனம். கப்பாபைக்கஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இதிலிருந்து கராகீனன் என்ற பசைப்பொருளை எடுக்கிறார்கள். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் ஐஸ்கிரீம், சொக்கலேற் பால், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றின் உறையைத் திருப்பிப் பாருங்கள். ஈ 407 என்று இருந்தால் அது இதுதான். சில பற்பசைகளிலும் உண்டு. நாங்கள் காலையில் பல் விளக்கும்போதே யாரோ ஒரு கடற்கரைப் பெண்ணின் உழைப்பு எங்கள் வாய்க்குள் போகிறது.

உலகம் முழுவதும் 2019ஆம் ஆண்டில் ஏறக்குறைய 3 கோடியே 58 இலட்சம் தொன் கடற்பாசி கிடைத்தது. அதில் நூற்றுக்குத் 97 பங்கு வளர்த்து எடுத்தது. கடலில் தானாக விளைந்ததை அள்ளியது மிகக் கொஞ்சம். பெரும்பகுதி ஆசியாவில். சீனா, இந்தோனேசியா, கொரியா, பிலிப்பைன்ஸ், யப்பான் என்று வரிசை போகும்.

கப்பாபைக்கஸ் வளர்ப்புத் தொடங்கிய இடம் பிலிப்பைன்ஸின் தென்பகுதி. 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும், ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்ஸ்வெல் டோட்டி அந்நாட்டவரோடு சேர்ந்து இதைப் பரீட்சித்து வெற்றி கண்டார். கடலில் கயிறு கட்டி, பாசித் துண்டுகளை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் ஒன்றரை மாதத்தில் அது நாலு மடங்காகப் பெருகிவிடும். உரம் வேண்டாம், தண்ணீர் இறைக்க வேண்டாம், காணி உறுதியும் வேண்டாம். ஏழை மீனவக் குடும்பங்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது. இன்று அந்த நாட்டில் இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதை நம்பியிருக்கின்றன.

ஆனால் தொடங்கிச் சில வருடத்திலேயே, 1974இல், அங்கே ஒரு விசித்திரமான வருத்தம் பதிவாகியது. பாசியின் கிளைகள் நிறம் இழந்து, பனிக்கட்டி போல வெள்ளையாகி, மெதுமெதுத்து, உடைந்து கடலில் விழுந்தன. அங்கத்தைய விவசாயிகளே அதற்கு "ஐஸ் ஐஸ்" என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு விஞ்ஞானிகளும் அந்தப் பெயரைத்தான் பாவிக்கிறார்கள். என் தங்கச்சி தொலைபேசியில் சொன்னதும் இதே அடையாளம்தான். நான்தான் அதை நம்பவில்லை.

இது எப்படி வருகிறது? தொற்றுநோய் மாதிரி ஒரு கிருமி வந்து நல்ல பாசியை நேரே கொல்வதில்லை. முதலில் பாசி களைத்துப் போகிறது. பிறகுதான் கிருமி புகுகிறது. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி டனிலோ லார்கோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. கடல்நீரின் வெப்பம் 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை ஏறினால் பாசி வெளுக்கிறது. சாதாரணமாக ஆயிரம் பங்கு கடல்நீரில் 35 பங்கு அளவில் உப்பு இருக்கும். அது 20 பங்குக்குக் கீழே இறங்கினாலும் வெளுக்கிறது. வெளிச்சம் குறைந்தாலும் அப்படித்தான். வெளுத்த கிளையில், நல்ல கிளையில் இருப்பதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு பக்டீரியாக்கள் இருந்தன. விப்ரியோ என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை அவற்றில் முக்கியமானவை. இவை எப்போதும் கடலில் இருப்பவைதான். உடம்பு பலவீனமாக இருக்கும்போது தடிமன் வந்து நெஞ்சில் இறங்குவது போல, பாசி சோர்ந்திருக்கும்போது உள்ளே புகுந்துவிடுகின்றன.

இனி எங்கள் கரையை யோசித்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிடும். கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆழமில்லாத பரவைக்கடல் மத்தியானத்தில் காலைச் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி வெள்ளம் கடலுக்குள் இறங்க உப்புக் குறையும். சிறு வயதில் கடலுக்குள் இறங்கி நின்றவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வருடத்தில் இரண்டு தடவை பாசிக்குச் சோதனைக் காலம் வருகிறது. இந்தப் பெண்கள் என்னதான் பார்த்தாலும் கடலின் சூட்டைக் குறைக்க முடியுமா?

இது ஒன்று மட்டுமல்ல. பாசியின் மேலே நூல் போன்ற சிறு பாசிகள் வேர்விட்டு ஒட்டி வளர்வதும் உண்டு. தொட்டுப் பார்த்தால் புல்லரித்த தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். மலேசியாவின் சபா மாநிலத்திலும் பிலிப்பைன்ஸிலும் 2000களில் இதனால் பெரும் சேதம் வந்தது. அந்த நூல்பாசி வேர்விட்ட துவாரம் வழியாகப் பக்டீரியாவும் உள்ளே போகிறது. இவற்றோடு ஓரா மீன் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போவது வேறு.

பணக்கணக்குக்கு வருவோம். இந்த விடயத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

2016ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும், இங்கே ஸ்கொட்லாந்தின் ஓபன் நகரில் உள்ள கடல் விஞ்ஞான நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பிலிப்பைன்ஸில் 2011க்கும் 2013க்கும் இடையில் இந்தப் பாசியின் உற்பத்தி நூற்றுக்குப் 15 பங்கு குறைந்ததாக அது சொல்கிறது. ஈரநிறையில் 2 இலட்சத்து 68 ஆயிரம் தொன். பணமாகப் பார்த்தால் 30 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். பிலிப்பைன்ஸ் ஐம்பது வருட அனுபவம் உள்ள நாடு. ஆய்வுகூடமும் விஞ்ஞானிகளும் உள்ள நாடு. அங்கேயே இந்த நிலை என்றால், இரண்டு வருட அனுபவம் உள்ள எட்டுப் பெண்களிடம் "ஒழுங்காப் பார்க்கேல்லையோ" என்று கேட்பது எவ்வளவு அநியாயம்!

கோடிக்கணக்கு எங்களுக்கு விளங்காது என்றால், ஒரு தெப்பத்தின் கணக்கைப் பார்ப்போம். இராமநாதபுரம் கரையில் மூன்று மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம் உள்ள மூங்கில் தெப்பத்தில் 60 கிலோ விதைப்பாசி கட்டுகிறார்கள். 45 நாளில் ஏறக்குறைய 260 கிலோ கிடைக்கும். அதில் 60 கிலோவைத் திரும்ப விதைக்கு எடுத்துவிட்டு 200 கிலோவைக் காயவைத்தால் சுமார் 20 கிலோ காய்ந்த பாசி கையில் நிற்கும். விற்பது அந்த இருபது கிலோவைத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், விளைச்சலும் விதையும் ஒன்றேதான். நெல் விவசாயிக்கு வயல் அழிந்தாலும் வீட்டில் விதைநெல் மூட்டை இருக்கும். பாசி வளர்ப்பவளுக்கு அப்படி இல்லை. கடலில் உள்ளது அழிந்தால் விதையும் போய்விட்டது. எங்கள் இருபது தெப்பத்துக்கும் 1,200 கிலோ விதை வேண்டும். அதில் ஒரே ஒரு தெப்பம் தப்பியது என்று வையுங்கள். அந்த 60 கிலோவை விற்காமல் வளர்த்தால் 45 நாளில் 260 கிலோ, அதாவது நாலு தெப்பத்துக்கு விதை. இன்னும் 45 நாளில் ஏறக்குறைய 1,120 கிலோ. மூன்று மாதம் ஒரு சதம் வருமானம் இல்லாமல், வேறு எந்த வருத்தமும் வராமல், புயலும் அடிக்காமல் இருந்தால்தான் பழைய நிலைக்குக் கிட்ட வரலாம். அந்த மூன்று மாதமும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார் கொடுப்பது?

அதனால்தான் கடன் வருகிறது. வெளியில் விதை வாங்கலாம் என்றால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அழிந்திருப்பதால் விதை விலை ஏறிவிடும். வாங்கும் வியாபாரியே முற்பணம் கொடுப்பார். கொடுத்தவர்தான் பிறகு விலையையும் தீர்மானிப்பார். இன்னொரு பக்கம், வருத்தம் வரப்போகிறது என்ற பயத்தில் 45 நாள் காத்திருக்காமல் 30 நாளிலேயே அறுத்துவிடுகிறார்கள். முற்றாத பாசியில் பசைத்தன்மை குறைவு. வெளுத்த பாசியில் எடுத்த கராகீனனும் அளவிலும் தரத்திலும் குறைந்தது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தரம் குறைந்தால் விலை குறையும். ஆக, வருத்தம் வந்தாலும் நட்டம், வரும் என்று பயந்தாலும் நட்டம்.

எங்களுக்கு அக்கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மண்டபம் பகுதியில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிலையம் இந்தப் பாசியைப் பழக்கியது. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்ப்பித்ததால் அங்குள்ள சனம் இதைப் "பெப்சிப் பாசி" என்றே சொன்னார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் ஆளுக்கு 45 தெப்பம் வைத்து, நாளுக்கு ஒரு தெப்பம் அறுத்தார்கள். 2001இல் சில பத்துத் தொன்னாக இருந்த உற்பத்தி, 2013 அளவில் காய்ந்த நிறையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 தொன் வரை உயர்ந்தது. அதற்குப் பிறகு பாசி கூட்டம் கூட்டமாகச் செத்து, உற்பத்தி சரிந்து விழுந்தது. சொந்தக் கையால் சம்பாதித்துப் பழகிய எத்தனையோ பெண்கள் திரும்பவும் கூலி வேலைக்குப் போனார்கள்.

ஏன் அப்படி ஒரேயடியாகச் சாகிறது? மரவள்ளியை நினைத்துக் கொள்ளுங்கள். தடியை வெட்டி நட்டுத்தானே மரவள்ளி உண்டாக்குகிறோம்? அந்தத் தோட்டம் முழுவதும் ஒரே மரத்தின் உடம்புதான். கப்பாபைக்கஸும் அப்படியே. இந்தியாவுக்கு 1984இல் யப்பானிலிருந்து கொண்டுவந்த சிறிதளவு பாசியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அத்தனை தெப்பங்களும் நிரம்பின. ஒன்றுக்குத் தாங்க முடியாத சூடு எல்லாவற்றுக்கும் தாங்க முடியாது. வருடக்கணக்காக வெட்டி வெட்டி நட்டதில் வீரியமும் குறைகிறது.

அப்படியானால் வெளியிலிருந்து புது விதை கொண்டுவந்தால் சரிதானே என்று கேட்பீர்கள். அங்கேயும் ஆபத்து உண்டு. விதையோடு சேர்ந்து புது வருத்தமும் நூல்பாசியும் வரும். கட்டுப்பாடில்லாமல் வெளியே பரவினால் கடலுக்கும் கெடுதி. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகவே விதையைப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவது போன்ற கெட்டித்தனங்கள் வேண்டாம். கொண்டுவரும் விதையைத் தனியே வைத்துப் பார்த்த பிறகுதான் கடலில் இறக்க வேண்டும்.

ஆபிரிக்காவின் சன்சிபார் தீவுகளின் கதை இன்னும் மனதைத் தொடுகிறது. அங்கே 1989இல் வியாபார ரீதியாகப் பாசி வளர்ப்புத் தொடங்கியது. செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாசிக்காசில் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், வீடு திருத்தினார்கள். பிறகு கரையோரக் கடல் சூடேற, நல்ல விலை போகும் கப்பாபைக்கஸ் ஆழமில்லாத இடங்களில் செத்துப் போனது. விலை குறைந்த இன்னோர் இனம்தான் மிஞ்சியது. ஆழமான, குளிர்ச்சியான தண்ணீரில் வளர்க்கலாம். ஆனால் அந்தப் பெண்களில் பலருக்கு நீந்தத் தெரியாது, வள்ளமும் ஆண்களின் கையில். பாசியின் வருத்தம் கடைசியில் பெண்ணின் நிலைமையில் வந்து நிற்கிறது. அங்கத்தைய விஞ்ஞானி பிளவர் ம்சுயா என்ற அம்மையார் அந்தப் பெண்களோடு சேர்ந்து, ஆழமான இடத்தில் குழாய் போன்ற வலைக்குள் பாசியை வளர்க்கும் முறையைப் பழக்கினார். பாசியிலிருந்து சவர்க்காரம் செய்து விற்கவும் வழிகாட்டினார். காய்ந்த பாசியாக விற்பதைவிடச் சவர்க்காரத்தில் வரும்படி கூட.

யப்பானையும் பாருங்கள். சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி என்ற பாசிக்குச் சிவப்பழுகல் என்ற வருத்தம் வரும். பூஞ்சணம் போன்ற ஓர் உயிரிதான் காரணம். அவர்கள் என்ன செய்கிறார்கள்? வலையை நேரத்துக்கு நேரம் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காற்றுப்பட வைக்கிறார்கள். கிருமி காய்ந்து சாகும், நோரி தாங்கும். அதோடு, இளம் பாசி பிடித்த வலைகளில் ஒரு பங்கைக் குளிரறையில் உறையவைத்து எடுத்து வைக்கிறார்கள். கடலில் உள்ளது அழிந்தால் அதை எடுத்துக் கட்டுவார்கள். அதாவது அவர்களிடம் விதைநெல் மூட்டை இருக்கிறது. எங்கள் பெண்களிடம் இல்லாததும் அதுதான்.

நேயர்களே, இதையெல்லாம் படித்த பிறகு நான் எங்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். "அவர்கள் காசைச் சாப்பிடவில்லை. கடல் சாப்பிட்டது. நாங்கள்தான் தெப்பத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, வருத்தத்துக்கு ஒரு சதமும் ஒதுக்கவில்லை" என்றேன். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். சிலர் இன்னும் ஏற்கவில்லை.

வேறு ஊர்ச் சங்கங்களும் இப்படியான உதவிகளைச் செய்யக்கூடும். உங்களுக்காகச் சில வார்த்தைகள். கொடுக்கும் பணம் முழுவதையும் தெப்பத்தில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை, பாசி அழியும் காலத்து விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் என்று அங்கேயே வங்கியில் வைத்திருங்கள். விதைப்பாசியை ஒரே இடத்தில் வைக்காமல், ஒரு பகுதியை ஆழமான, நீரோட்டம் உள்ள இடத்தில் வைக்க வள்ளம் உள்ளவர்களோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள். வெளுத்த கிளையைக் கண்டவுடன் வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து விட வேண்டும், கடலிலேயே எறியக் கூடாது. ஒரு வெப்பமானியும் ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுங்கள். நாளுக்கு ஒரு தடவை கடலின் சூட்டை எழுதி வைத்தால் அடுத்த வருடம் எப்போது அறுக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். நக்டா என்று சொல்லப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை இலங்கையில் இருக்கிறது. அதன் உத்தியோகத்தரிடம் முதல் நாளே அறிவித்து ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாசி ஒன்றையே நம்பவிடாதீர்கள். கோழியோ, தையலோ, கருவாடோ பக்கத்தில் ஒன்று இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நான் தங்கச்சிக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளை, நான் அண்டைக்கு அப்படிக் கேட்டது பிழை" என்றேன். "அதை விடுங்கோ அண்ணா" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஒரு தெப்பத்துப் பாசியை வடக்குப் பக்கம், ஆழத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினனாங்கள். அது இன்னும் வெளுக்கேல்லை" என்றாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு சதமும் கேட்காமல், அவர்கள் தாங்களாகவே விதையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அந்த ஒரு தெப்பத்திலிருந்து திரும்பத் தொடங்க மூன்று மாதம் வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குத்தான் எங்கள் சங்கம் இப்போது காசு சேர்க்கிறது. நான் என் பங்கைக் கொடுத்துவிட்டேன்.